விசேட பாடசாலையில் எத்தனை பேர் சித்தி? அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

போன தவணை விடுமுறையில் அக்காவோடும் அவள் மகனோடும் பொரளை சிறுவர் வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போயிருந்தேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் கிராண்ட்பாஸிலிருந்து வந்த ஓர் இளம் தாய், மடியில் ஆறு வயது மகள். பிள்ளைக்கு இரண்டு காதும் கேட்காது. விசேட பாடசாலை ஒன்றின் பெயரை யாரோ துண்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டி அவர் அக்காவிடம் கேட்டார்: "இங்க சேக்கச் சொல்றாங்க அக்கா. ஆனா போன வருஷம் ஓ.எல்.ல ஒரே ஒரு பிள்ளதான் பாஸாம். அப்ப அங்க படிப்பிக்கிறதே இல்லையா?"

நான் கொழும்பில் ஒரு சாதாரண பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவன். அக்காவின் மகன் விசேட பாடசாலைக்குப் போகிறவன். ஆகவே இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் தெரியும். ஆனாலும் அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. சொல்லி முடிப்பதற்குள் அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய முழுப் பதில் இது. அதே கேள்வியோடு நிற்கிற பெற்றோர் கொழும்பில் நிறையப் பேர்.

முதலில், எதை விசேட பாடசாலை என்கிறோம்?

நம் பேச்சில் மூன்று வெவ்வேறு இடங்கள் ஒரே பெயரில் கலந்து கிடக்கின்றன. சாதாரண பாடசாலைக்குள்ளேயே ஒரு தனி வகுப்பறை, அதற்கென ஓர் ஆசிரியர். இது விசேட கல்வி அலகு. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கென்றே தனியாக நடக்கிற, பெரும்பாலும் விடுதியோடு கூடிய இடம் விசேட பாடசாலை. மற்றப் பிள்ளைகளோடு அதே வகுப்பில், அதே வாங்கில் இருந்து படிப்பது உட்படுத்தல் கல்வி.

விசேட பாடசாலைகளில் பெரும்பாலானவை தொண்டு அமைப்புகளோ சமய அமைப்புகளோ தொடங்கி நடத்துபவை. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. அதனால்தான் 'அரச உதவி பெறும்' என்ற அடைமொழி. நம் நாட்டில் இதன் வேர் பழையது. இரத்மலானையில் இன்று இருக்கும் செவிப்புலன், விழிப்புலன் இழந்தோருக்கான பாடசாலைகளின் தொடக்கம் 1912. தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணம் கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கிறது. கொழும்புத் தமிழ்க் குடும்பம் ஒன்று இரத்மலானைக்கும் கைதடிக்கும் நடுவில் நின்று யோசிப்பது இப்போதும் நடக்கிற விஷயம். ஒன்று பக்கத்தில் இருக்கிறது, மற்றதில் மொழி இருக்கிறது.

அலகு, பாடசாலை, உட்படுத்தல் மூன்றிலும் படிக்கிற பிள்ளைகள் ஒரே மாதிரியானவர்கள் இல்லை. ஒன்றின் பெறுபேற்றை எடுத்து மற்றதோடு ஒப்பிடும்போதே பாதிக் குழப்பம் தொடங்கிவிடுகிறது.

சதவீதம் ஒரு பின்னம்

ஆறாம் வகுப்பில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். பின்னத்தின் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. "இத்தனை சதவீதம் சித்தி" என்று யாராவது சொன்னால் தொகுதி தெளிவு: சித்தியடைந்தவர்கள். பகுதி எது? அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

கணக்குக்காக ஒரு பாடசாலையைக் கற்பனை செய்வோம். மொத்தம் 40 பிள்ளைகள். அதில் 11ஆம் தர வயதில் இருப்பவர்கள் 4 பேர். அந்த நால்வரில் சாதாரண தரப் பரீட்சை எழுதியவர்கள் 2 பேர். சித்தி 1. எழுதியவர்களில் பார்த்தால் 50 சதவீதம். அந்த வயதில் இருப்பவர்களில் பார்த்தால் 25. மொத்தப் பிள்ளைகளில் பார்த்தால் 2.5. மூன்றுமே பொய் இல்லாத கணக்கு. பாடசாலையைப் பிடித்தவர் முதலாவதைச் சொல்வார், பிடிக்காதவர் மூன்றாவதைச் சொல்வார். பஸ்ஸில் கேட்டவர் "ஒருத்தர்தான் பாஸாம்" என்று மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

இன்னொன்று, எண்ணிக்கையின் சிறுமை. 180 பிள்ளைகள் எழுதுகிற பாடசாலையில் ஒரு பிள்ளை கணித வினாத்தாள் அன்று காய்ச்சலில் படுத்தால் சித்தி வீதம் அரைச் சதவீதமளவு நகரும், யாருக்கும் தெரியாது. இரண்டு பிள்ளைகள் எழுதுகிற இடத்தில் அதே காய்ச்சல் 100 சதவீதத்தை 50 ஆக்கிவிடும். அடுத்த வருடம் "பாதியாக விழுந்துவிட்டது" என்று பேச்சு. விழுந்தது ஒரு பிள்ளையின் உடம்பு மட்டும்.

இதனால்தான் அமெரிக்காவில் பொதுப் பாடசாலைகளின் பெறுபேறுகளை வெளியிடும்போது சிறிய குழுக்களுக்குச் சரியான எண்ணைப் போடாமல், 'இத்தனைக்குக் கீழ்' என்று தோராய வரம்பாகக் கொடுப்பதோ மறைத்தே விடுவதோ வழக்கம். நான்கு பேரில் ஒருவர் சித்தி என்று போட்டால் அந்த ஒருவர் யார், மற்ற மூவர் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். நம் பக்கத்தில் இந்தக் கூச்சம் இன்னும் போதுமான அளவுக்கு வரவில்லை.

இதுவரை பார்த்தது: எந்தச் சதவீதத்தையும் கேட்டவுடன் "எத்தனை பேரில்?" என்று கேட்க வேண்டும். அந்த எண் இருபதுக்கும் குறைவென்றால் ஒரு வருடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவே கூடாது.

வாசலில் யார் வருகிறார்கள்?

கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் ஒரு நாளில் எத்தனை மரணம் நடக்கிறது என்பதையும், நம் தெரு மூலை டிஸ்பென்சரியில் எத்தனை நடக்கிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்து, டிஸ்பென்சரி டாக்டர்தான் கெட்டிக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. நாடு முழுவதிலுமிருந்து மிக மோசமான நிலையில் இருப்பவர்களைத்தான் அங்கே கொண்டுவருகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வைத்தியசாலை விஷயத்தில் இருக்கிற இந்தத் தெளிவு பாடசாலை விஷயத்தில் நமக்கு வருவதில்லை.

எதிர்ப்பக்கமும் அதேதான். தரம் 5 புலமைப்பரிசிலில் உச்சப் புள்ளி எடுத்த பிள்ளைகளை எடுத்துக்கொள்கிற பிரபல பாடசாலைகள் எட்டு வருடம் கழித்து உயர்தரத்தில் நல்ல பெறுபேறு காட்டுகின்றன. அதில் ஆசிரியர்களின் உழைப்பு இருக்கிறது. வாசலில் வடிகட்டியதும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பெறுபேற்றுத் தாளைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

ஒரு பாடசாலையில் யார் யார் படிக்கிறார்கள் என்கிற கலவையை 'மாணவர் பரம்பல்' என்போம். வயது, ஆண் பெண், வீட்டு மொழி, குடும்ப வருமானம், எங்கிருந்து வருகிறார்கள், விசேட பாடசாலை என்றால் என்ன வகைத் தேவை, எந்த அளவு என்பதெல்லாம் இதற்குள் அடக்கம்.

ஆண் பெண் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். விசேட வகுப்புகளில் ஆண் பிள்ளைகள் கூடுதலாக இருப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். ஒரு காரணம் மருத்துவம் சார்ந்தது: ஓட்டிசம் ஆண் பிள்ளைகளில் மூன்று நான்கு மடங்கு அதிகமாகக் கண்டறியப்படுகிறது. 'கண்டறியப்படுகிறது' என்ற சொல்லைக் கவனியுங்கள். பெண் பிள்ளை ஒதுங்கி அமைதியாக இருந்தால் "அடக்கமான பிள்ளை" என்று விட்டுவிடுகிறோம். மற்றக் காரணம் நம் வீடுகளில் இருக்கிறது. பாதுகாப்புப் பயத்தில் பெண் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்கிற குடும்பங்கள் எத்தனை! ஆக வகுப்பில் ஐந்து பையன்களும் ஒரு பெண் பிள்ளையும் இருந்தால், அந்த எண்ணில் பிறப்பு, மருத்துவரின் கண், தாய் தகப்பனின் பயம் மூன்றும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

வயதும் அப்படித்தான். எட்டு வயதில் முதலாம் தரத்தில் இருக்கிற பிள்ளையைப் பார்த்து "மூன்று வருடம் பெயில்" என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அந்த மூன்று வருடமும் ஒரு கிளினிக்கிலிருந்து மற்றதற்கு, ஒரு நேர்த்தியிலிருந்து அடுத்த நேர்த்திக்கு அலைந்த காலம்.

2012 குடிசன மதிப்பில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதத்தினருக்கு ஏதோ ஓர் இயலாமை இருப்பதாகப் பதிவானது. இதை எடுத்து, "அப்படியென்றால் நூறு பிள்ளைகளில் ஒன்பது பேர் விசேட பாடசாலையில் இருக்க வேண்டுமே" என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த எண்ணுக்குள் பெருந்தொகையினர் கண் மங்கிய, முழங்கால் ஓய்ந்த முதியவர்கள். பிள்ளைகளுக்கு அதை அப்படியே போடக்கூடாது. இங்கேயும் கேள்வி அதேதான்: பகுதியில் யார்?

சுருக்கமாக: பெறுபேறு வாசலிலிருந்து வெளியே வருவது, பரம்பல் வாசலுக்குள்ளே போவது. உள்ளே போனதைத் தெரியாமல் வெளியே வந்ததை மட்டும் வைத்து நடுவில் நடந்த வேலையை எடைபோட முடியாது.

ஒரு புள்ளிக்குள் இருக்கும் ஆறு வருடம்

கிளினிக்கில் பார்த்த அந்தச் சிறுமியின் கதைதான் இதில் முக்கியம் என்று நினைக்கிறேன். ஆகவே இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

காது கேட்கிற பிள்ளைக்கு மொழியை யாரும் படிப்பிப்பதில்லை. தாய் சோறு ஊட்டும்போது, அப்பா போனில் சத்தம் போடும்போது, பக்கத்து வீட்டு ரேடியோவில், முச்சந்திக் கோயில் ஒலிபெருக்கியில் என்று காற்றிலிருந்தே பிடித்துக்கொள்கிறது. முதலாம் தரத்துக்கு வரும்போது ஆயிரக்கணக்கான சொற்கள் கையில் இருக்கும். 'நேற்று', 'நாளைக்கு', 'ஏன்', 'அப்படியென்றால்' எல்லாம் அதில் அடக்கம்.

காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்கள் காது கேட்கிற பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அந்தப் பெற்றோருக்குச் சைகை மொழி தெரியாது. தெரிந்திருக்க அவர்களுக்கு வாய்ப்பும் இல்லை. அதனால் வீட்டில் நடப்பது சுட்டிக்காட்டுவதும் தலையாட்டுவதும்: சோறு, தண்ணீர், வா, போ. நேற்று நடந்ததைச் சொல்லவோ, ஏன் என்று கேட்கவோ வழி இல்லை. காது கேளாமையைப் பிந்திக் கண்டுபிடித்தால், கருவியும் பிந்திக் கிடைத்தால், முழுமையான ஒரு மொழியை அந்தப் பிள்ளை முதன்முதலாகச் சந்திப்பதே விசேட பாடசாலையின் வகுப்பறையில்தான். மூளை மொழியை மிக எளிதாக வாங்குகிற முதல் ஐந்தாறு வருடம் அதற்குள் போய்விடும்.

அதற்கு மேல் கொழும்புக்கென்றே ஒரு சிக்கல். நகருக்குள் தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்தால் தமிழ் பேசுகிறவர்கள் பாதிக்கு மேல். ஆனால் பக்கத்தில் இடம் கிடைக்கிற விசேட வகுப்பு பலருக்குச் சிங்கள மொழிமூலம். அந்தப் பிள்ளை வகுப்பில் ஒரு மொழியின் உதட்டசைவைப் பார்க்கிறது, வீட்டில் இன்னொன்றை. பாடசாலையில் எழுதப் பழகுகிற எழுத்து, வீட்டுச் சுவரில் தொங்குகிற நாட்காட்டியில் இல்லை. அம்மா வீட்டுப்பாடக் கொப்பியைத் திறந்தால் அவருக்கே வாசிக்கத் தெரியாது.

இப்போது பத்து வருடம் முன்னே போவோம். சாதாரண தர மொழிப் பாடம். கட்டுரை எழுது, சுருக்கம் எழுது, பழமொழியை விளக்கு. அதில் அந்தப் பிள்ளை 28 புள்ளி எடுத்தால், அது ஆசிரியரின் பத்து வருட வேலைக்குக் கிடைத்த புள்ளியா, அதற்கு முன் வெறுமையாகப் போன ஆறு வருடத்துக்கான புள்ளியா? வரலாறு, விஞ்ஞான வினாத்தாள்களும் வாசித்து விளங்கினால்தான் எழுத முடியும் என்பதால் அங்கேயும் அதே ஆறு வருடம் வந்து நிற்கும்.

பார்வையற்ற பிள்ளையின் நிலை வேறு. அது பிறந்ததிலிருந்தே மொழியைக் கேட்கிறது. கதை, பாட்டு, சண்டை எல்லாம் காதில் விழுகிறது. அதன் தடை பாடத்தை எட்டுவதில் இருக்கிறது: பிரெய்ல் புத்தகம் நேரத்துக்கு வந்ததா, கேத்திர கணித வரிபடத்தை விரலால் தொட்டு விளங்க வழி உண்டா, பரீட்சைக்கு மேலதிக நேரமும் பிரெய்ல் வினாத்தாளும் முன்கூட்டியே விண்ணப்பிக்கப்பட்டதா. இவை சரியாக அமைந்தால் பல்கலைக்கழகம் வரை போகிறார்கள். நம் நாட்டிலேயே பார்வையற்ற பட்டதாரிகளும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

இந்த இருவரையும் ஒரே பெறுபேற்றுத் தாளில் போட்டுச் சராசரி எடுத்தால் வருகிற எண் இருவரில் ஒருவரைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

கலவை மாறினால் சராசரி மாறும்

"முந்தி நல்ல ஸ்கூல், இப்ப தரம் விழுந்திட்டுது" என்ற பேச்சுக்கு வருவோம். இதையும் ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம், தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டால் நல்லது.

ஒரு பாடசாலையில் பார்வைக் குறைபாடு உள்ள 20 பிள்ளைகள், சராசரி 60 புள்ளி. அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு உள்ள 20 பிள்ளைகள், சராசரி 20 புள்ளி. பாடசாலைச் சராசரி 40.

சில வருடம் போகிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் 10 பேர் வீட்டுக்குப் பக்கத்துச் சாதாரண பாடசாலைக்கு மாறுகிறார்கள். நல்ல மாற்றம்தான். அந்த இடத்துக்கு அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு உள்ள 10 பிள்ளைகள் புதிதாக வருகிறார்கள். இதுவரை வீட்டுக்குள் பூட்டிக்கிடந்தவர்கள். இதுவும் நல்ல மாற்றம். இடையில் ஆசிரியர்களும் கடுமையாக உழைத்து ஒவ்வொரு குழுவின் சராசரியையும் 5 புள்ளி உயர்த்திவிட்டார்கள். இப்போது 10 பேர் 65, 30 பேர் 25. கூட்டிப் பாருங்கள்: 650, 750, மொத்தம் 1400. நாற்பதால் வகுத்தால் 35.

ஒவ்வொரு குழுவும் உயர்ந்திருக்கிறது. பாடசாலைச் சராசரி ஐந்து புள்ளி விழுந்திருக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது முதலில் நான் கூட்டலில் பிழை விட்டதாகத்தான் சொன்னார்கள்.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அது கேட்பது பொதுப் பாடசாலைக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம். அந்தத் திசையில் போகப் போக, ஒப்பீட்டளவில் எளிதாகப் பரீட்சை எழுதக்கூடியவர்கள் விசேட பாடசாலையை விட்டுப் போவார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட தேவைகள் உள்ள பிள்ளைகள் அங்கே மிஞ்சுவார்கள். நாட்டின் கல்வி சரியான வழியில் போகிறபோதே விசேட பாடசாலையின் பெறுபேற்று எண் இறங்கலாம்.

பரீட்சைத் தாளில் வராத முன்னேற்றம்

அப்படியானால் பரீட்சை எழுதாத பிள்ளை படிக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு கருவி உண்டு: தனியாள் கல்வித் திட்டம். ஒரு பிள்ளை இன்று எதைச் செய்கிறது, அடுத்த தவணைக்குள் எதைச் செய்ய வேண்டும், அதை எப்படி அளப்பது என்று அந்தப் பிள்ளைக்காக மட்டும் ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து எழுதுகிற திட்டம். அளவுகோல் வகுப்பின் முதலாம் பிள்ளை இல்லை. அதே பிள்ளையின் போன தவணை.

என் மருமகனுக்குப் பதின்மூன்று வயது. அவனுடைய கோப்பில் போன வருடம் இருந்த ஒரு வரி: "கடையில் 500 ரூபாய்த் தாளைக் கொடுத்து மாலு பாண் ஒன்று கேட்டு வாங்கி, மீதிக் காசு தரும் வரை நிற்பான். ஐந்து தடவையில் நான்கு." படிக்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். தொடக்கத்தில் அவன் தாளை மேசையில் வைத்துவிட்டு, பாணைக் கையில் எடுத்ததும் தெருவுக்கு ஓடிவிடுவான். டீச்சர் அதை உடைத்து உடைத்துப் படிப்பித்தார்: வரிசையில் நிற்பது, கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பது, வாயால் கேட்பது, கையை நீட்டிக் காத்திருப்பது. கொட்டாஞ்சேனையில் எங்கள் சந்திக் கடைக்கார அண்ணன் ஒரு நாள் வேண்டுமென்றே மீதியைக் கொடுக்கத் தாமதித்தார். பையன் ஒரு காலில் மாறி மாறி நின்றான், ஆனால் போகவில்லை. அந்த இரண்டு நிமிடம் எந்தப் பரீட்சைத் திணைக்களத்தின் தாளிலும் வராது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பரம்பலைக் காட்டி எதையும் நியாயப்படுத்தலாம் என்பது ஆபத்து. "இந்தப் பிள்ளையால் இவ்வளவுதான் முடியும்" என்று குறைந்த இலக்கை எழுதி அதை அடைந்ததாகக் காட்டுவது எளிது. சித்தி வீதத்தைக் காப்பாற்ற, எழுதக்கூடிய பிள்ளையையும் பரீட்சைக்கு அனுப்பாமல் விடுவதும் எளிது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே விசேட கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாள் திட்டம் கட்டாயம். ஆனாலும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு கட்டு போட்டார்கள்: மிகக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான மாற்றுப் பரீட்சையை, ஒரு மாநிலத்தில் ஒரு பாடத்தில் பரீட்சிக்கப்படும் மொத்த மாணவர்களில் 1 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது. சிரமமான பிள்ளைகளையெல்லாம் அந்தப் பக்கம் தள்ளி எண்ணை அழகாக்குவதைத் தடுக்கத்தான் இது. பரீட்சையும் வேண்டும், கோப்பும் வேண்டும். ஒன்று மற்றதைக் காவல் காக்க வேண்டும்.

அதிபரிடம் கேட்க வேண்டியவை

சேர்க்கைக்குப் போகிறபோது "எத்தனை பேர் பாஸ்?" என்று கேளுங்கள், தவறில்லை. கூடவே எத்தனை பேர் அந்த வயதில் இருந்தார்கள், எத்தனை பேர் எழுதினார்கள், எழுதாதவர்கள் ஏன் எழுதவில்லை, இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அதிபர் ஒவ்வொரு பிள்ளையாகப் பதில் சொன்னால் அது நல்ல பாடசாலை என்று நான் நினைப்பேன். என் பிள்ளையைப் போன்ற தேவை உள்ளவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறாரா, வகுப்பு எந்த மொழியில், வீட்டு மொழி தமிழ் என்றால் அதற்கு என்ன செய்கிறீர்கள் என்பது அடுத்தது. காது கேளாத பிள்ளை என்றால் இன்னும் ஒன்று: பெற்றோருக்கும் சைகை மொழி படிப்பிப்பீர்களா? இதற்கு 'ஆம்' வந்தால் மற்ற எந்தச் சதவீதத்தையும் விட அதற்குத்தான் நான் பெறுமதி கொடுப்பேன்.

பிறகு, பெயரை மறைத்து ஒரு பழைய தனியாள் திட்டத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். 'முன்னேற்றம் உண்டு', 'பரவாயில்லை' என்று மட்டும் எழுதியிருந்தால் யோசியுங்கள். எத்தனை தடவையில் எத்தனை என்று எழுதியிருந்தால் யாரோ பக்கத்தில் இருந்து எண்ணியிருக்கிறார்கள்.

அன்று கிளினிக்கிலிருந்து அந்தத் தாய் வெளியே வந்தபோது அக்கா தன் கைப்பையிலிருந்த, மகனின் தனியாள் திட்டக் கோப்பை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மகள் அவர் தோளில் சாய்ந்து அதிலிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கத்தில் இந்தத் தவணைக்கான புதிய வரி இருந்தது: "மீதிக் காசைக் கடை வாசலிலேயே எண்ணிப் பார்ப்பான்." அதற்குப் பக்கத்தில் பென்சிலால் டீச்சர் போட்டிருந்த கணக்கு, ஐந்தில் இரண்டு.